மங்கி குல்லா: ஒரு தொகைச்சொல்லின் பூர்வீகம்

மார்கழி விடியலில் மாகறல் திருமாகறலீசுவரர் கோயில் வாசலில் நிற்பவருக்கு முகங்களைவிடக் குல்லாய்களே முதலில் கண்ணில் படும். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் உள்ள ஊர் இது. ஆற்றுப் பக்கமிருந்து வரும் பனி சில நாள்களில் வெயில் ஏறிய பிறகுதான் கலையும். திருவெம்பாவை முடிந்து கையில் வெண்பொங்கல் தொன்னையோடு வெளியே வருகிறவர்கள் எதிரே உள்ள டீக்கடையில் ஒதுங்குவார்கள்.

அங்கே அறுபதைக் கடந்த நெசவாளர் ஒருவர் டீக்குக் காத்து நின்றார். அரக்கு நிறக் கம்பளிக் குல்லாயைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தார். உச்சியில் ஒரு நூல் குஞ்சம். கண், மூக்கு, வாய் மட்டும் தெரிய முட்டை வடிவில் ஒரு திறப்பு. குல்லாயின் கீழ்விளிம்பு வாயை நெருக்கிக்கொண்டிருந்தது. கடைப் பையன் கிளாஸை நீட்டியபடி, “தாத்தா, மங்கி குல்லாவ மேல ஏத்திட்டுக் குடிங்க, டீ பட்டுடப் போவுது” என்றான். அவர் குல்லாயை நெற்றிவரை சுருட்டிக்கொண்டு, “இதுல மங்கி யாருடா? நானா, குல்லாவா?” என்று கேட்டார். கடையே சிரித்தது.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வியல்ல அது. ஒரு கூட்டுச்சொல்லில் முதற்பாகத்துக்கும் இரண்டாம் பாகத்துக்கும் இடையே மறைந்து நிற்கும் உறவு என்ன என்பதே அவர் கேட்டது. தொல்காப்பியர் தொகைமொழி பற்றிப் பேசும்போது எடுத்துக்கொண்ட கேள்வியும் அதுவே. ‘மங்கி கேப்’ என்னும் குளிர்கால உடைப்பெயர் எங்கே பிறந்தது, அதில் குரங்கு என்ன வேலை செய்கிறது, தமிழ் அதை ஏன் பாதி மொழிபெயர்த்துப் பாதியை அப்படியே விட்டது ஆகிய மூன்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பொருளுக்கு ஓர் ஊர்ப்பெயர்

பொருள் வேறு, பெயர் வேறு என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். தலை, காது, கழுத்து மூன்றையும் மூடி முகத்தை மட்டும் திறந்துவிடும் இந்தப் பின்னல் குல்லாய்க்கு இங்கிலாந்தில் ‘பாலக்லாவா’ என்று பெயர். கருங்கடலின் கிரிமியக் கரையில் உள்ள துறைமுகம் பாலக்லாவா. 1854 அக்டோபர் 25 அன்று பிரிட்டிஷ், பிரெஞ்சு, துருக்கியப் படைகள் அங்கே ரஷ்யரோடு பொருதின. குளிர்காலத்துக்கு முன்பே போர் முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில் போன பிரிட்டிஷ் படைக்குத் தக்க உடை இல்லை. போதாக்குறைக்கு நவம்பர் 14 அன்று அடித்த புயலில், குளிர்கால உடுப்புகளை ஏற்றி வந்த ‘பிரின்ஸ்’ என்ற கப்பல் துறைமுகத்துக்கு வெளியே மூழ்கியது. இங்கிலாந்துப் பெண்கள் கம்பளியில் பின்னி அனுப்பிய பொருள்களில் இந்தக் குல்லாயும் ஒன்று என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு.

அந்த ஒரே போர் ஆங்கிலத்துக்கு மூன்று உடைப்பெயர்களைத் தந்திருக்கிறது. லகுரகக் குதிரைப்படைக்குத் தலைமை ஏற்றுச் சென்ற கார்டிகன் பிரபுவின் பெயரில் முன்பக்கம் பொத்தான் வைத்த கம்பளிச் சட்டை. தலைமைத் தளபதி ராக்லன் பிரபுவின் பெயரில், நம்மூர்த் தையற்காரர்களும் அறிந்த ராக்லன் கை. மூன்றாவது பாலக்லாவா. ஆனால் கைப்பின்னலின் வரலாற்றை 1987இல் நூலாக எழுதிய ரிச்சர்ட் ரட் ஒரு முக்கியமான செய்தியைச் சுட்டிக்காட்டுகிறார். போர் நடந்த காலத்தில் யாரும் இந்தக் குல்லாயை அப்பெயரால் அழைக்கவில்லை. ‘பாலக்லாவா ஹெல்மெட்’ என்னும் சொல் 1881இல்தான் தலைகாட்டுகிறது. போருக்கும் பெயருக்கும் நடுவே கால் நூற்றாண்டு கழிந்திருக்கிறது. பொருளைப் போட்டுக்கொண்டவர்கள் பெயர் வைக்கவில்லை. போரை நினைத்துப் பெருமைப்பட்ட பின்வந்தவர்கள் வைத்தார்கள்.

இந்தியாவிலும் அதேதான் நடந்தது. பொருள் வந்தது, பெயர் கூடவே வரவில்லை. இரண்டு உலகப் போர்களிலும் படைவீரர்களுக்காக வீட்டுப் பெண்கள் பின்னிக் கொடுத்தவற்றில் பாலக்லாவாவும் உண்டு. ராணுவம், மலைவாசத்தலம், தேயிலைத் தோட்டம் என்று வெள்ளைக்காரர் இருந்த குளிர்ப்பகுதிகள் வழியே அது இந்தியத் தலைகளுக்கு ஏறியது. கிரிமியா நம் நினைவில் இல்லாத ஊர். அதன் பெயரை நாம் தூக்கிச் சுமக்க எந்தக் காரணமும் இருக்கவில்லை.

மூன்று விளக்கங்கள், மூன்று தொகைகள்

‘மங்கி கேப்’ என்ற பெயருக்கு மூன்று விளக்கங்கள் சாத்தியம். மூன்றையும் ஆங்கில இலக்கணத்தை வைத்துப் பிரிப்பது கடினம். இரண்டு பெயர்களை அடுத்தடுத்து வைத்துவிட்டு உறவைக் கேட்பவர் ஊகத்துக்கு விட்டுவிடும் மொழி அது. இந்த இடத்தில் தமிழ் இலக்கணம் கூர்மையான கருவி. ஒவ்வொரு விளக்கமும் ஒவ்வொரு தொகையாக விரிகிறது.

முதலாவது, கடல் வழி வந்த விளக்கம். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் மாலுமிகள் அணிந்த இடுப்பளவுக் குட்டைச் சட்டைக்கு ‘மங்கி ஜாக்கெட்’ என்று பெயர். போர்க்கப்பலில் பீரங்கிக்கு வெடிமருந்து தூக்கி ஓடிய சிறுவர்களை ‘பவுடர் மங்கி’ என்றார்கள். இங்கே ‘மங்கி’ சிறுமையைக் குறிக்கும் அடைமொழியாகத் தேய்ந்துவிட்டது. அப்படிக் கொண்டால் மங்கி கேப் என்பது ‘சிறிய குல்லாய்’, பண்புத்தொகை. இந்த விளக்கம் நிற்காது. உலகில் உள்ள குல்லாய்களிலேயே தலையை அதிகமாக மூடும் ஒன்றைச் ‘சிறியது’ என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

இரண்டாவது, வீதி வித்தை வழி வந்த விளக்கம். ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களில் கைப்பிடியைச் சுற்றி இசைக்கும் பெட்டியோடு அலைந்த கலைஞர்கள் கூடவே ஒரு குரங்கையும் வைத்திருந்தார்கள். அதற்குச் சட்டை, தலையில் வட்டமான சின்னக் குல்லாய். அந்த வடிவக் குல்லாயை ‘மங்கி கேப்’ என்று சொல்லும் வழக்கம் ஆங்கிலத்தில் உண்டு. இது ‘குரங்கினது குல்லாய்’. ஆறாம் வேற்றுமைத் தொகை. நம் ஊர்களிலும் குரங்காட்டிகள் இருந்தார்கள். பாவாடை கட்டிய குரங்கு, கூம்புக் குல்லாய் போட்ட குரங்கு, மாமியார் வீட்டுக்குத் தண்ணீர் தூக்கிப் போகும் குரங்கு எல்லாம் நடுவயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1998இல் மத்திய அரசு குரங்கு, கரடி, புலி, சிங்கம், சிறுத்தை ஆகியவற்றை வித்தைக்குப் பழக்கத் தடை விதித்தது. ஆகவே இந்த விளக்கத்துக்கு வெளிநாட்டிலும் ஆதாரம் உண்டு, உள்நாட்டிலும் அடிப்படை உண்டு. சிக்கல் வடிவத்தில்தான். வித்தைக் குரங்கின் குல்லாய் உச்சந்தலையில் உட்காரும் பொம்மைக் குல்லாய். காதையும் கழுத்தையும் மூடும் கம்பளிக்கு அதன் பெயர் தாவுவதற்கு வழியில்லை. ஆங்கிலச் சொல்லும் இந்தியச் சொல்லும் எழுத்தில் ஒன்று, பொருளில் இரண்டு. ஒரே உருவில் இரண்டு சொற்கள் தனித்தனியே பிறப்பது மொழிகளில் புதுமையல்ல.

மூன்றாவது, முகத்தின் வழி வந்த விளக்கம். குல்லாயை இழுத்துவிட்டதும் தலைமயிர், காது, தாடை, கழுத்து எல்லாம் மறைந்து, சுற்றிலும் அடர்ந்த ரோமம் சூழ நடுவில் சின்ன முகம் மட்டும் எட்டிப்பார்க்கிறது. போட்டவர் குரங்குபோல் தெரிகிறார். குரங்கு போன்ற தோற்றத்தைத் தரும் குல்லாய். உவமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. பொருளின் வடிவமும் பெயரும் பொருந்துவது இந்த ஒன்றில்தான். என் முடிவும் இதுவே.

இங்கே நெசவாளர் காதையும் கணக்கில் எடுக்கலாம். காஞ்சிப் பட்டின் சொற்களில் பறவைகளுக்குப் பஞ்சமில்லை: கரையில் மயில்கண், குயில்கண்; நிறத்தில் கிளிப்பச்சை, மயில்கழுத்து. பச்சையும் நீலமும் கலந்து மின்னும் ஒரு புடவையைக் கடையில் ‘மயில்கழுத்து’ என்ற ஒரே சொல்லால் கேட்கிறோம். மயிலும் அங்கில்லை, கழுத்தும் இல்லை. அந்தத் தொகை தனக்கு வெளியே உள்ள புடவையைச் சுட்டுகிறது. இலக்கணம் இதை அன்மொழித்தொகை என்னும். விலங்கின் தோற்றத்தைத் துணிக்குப் பெயராக்கும் இந்தப் பழக்கம் உள்ள காதுக்கு ‘மங்கி குல்லா’ உவமையாகவே விழும். நான் பார்த்தவரை, தறியில் மயிலுக்கும் குயிலுக்கும் யானைக்கும் யாளிக்கும் இடமுண்டு, குரங்குக்கு இல்லை. கல்யாணப் புடவையில் அதை யார் கேட்பார்கள்?

தொப்பியின் பெயரில் குரங்கு, குரங்கின் பெயரில் தொப்பி

உவமை விளக்கத்துக்கு வலுவான சான்று எதிர்த்திசையிலிருந்து வருகிறது. தென்னிந்தியாவில் கோயில்தோறும் காணும் நாட்டுக்குரங்கின் உச்சந்தலை மயிர் நடுவிலிருந்து சுற்றிலும் கதிர்போல் விரிந்து படிந்திருக்கும். அதன் அறிவியல் பெயரில் உள்ள ‘ரேடியாட்டா’ என்ற சொல் இந்தக் கதிர்விரிவைக் குறிப்பது. ஆங்கிலேயர் அந்த மயிரைப் பார்த்து அதற்கு வைத்த பெயர் ‘பானட் மக்காக்’. பானட் என்றால் தொப்பி. இலங்கையில் அதன் உறவினமான செங்குரங்குக்கு ஆங்கிலத்தில் ‘டோக் மக்காக்’. டோக் என்பதும் விளிம்பில்லாத ஒருவகைத் தொப்பியே. அமெரிக்கக் கண்டத்துக் ‘கப்புச்சின்’ குரங்குக்குப் பெயர் வந்தது, கூம்புத் தலைமூடி கொண்ட அங்கி அணியும் கப்புச்சின் துறவிகளிடமிருந்து. அந்தச் சபைக்குப் பெயர் தந்ததும் இத்தாலிய மொழியில் அந்தத் தலைமூடியைக் குறிக்கும் சொல்தான். சென்னைக் காபிக் கடைகளில் விற்கும் காப்புச்சீனோவும் அதே குடும்பம். மேலே சொன்ன வீதி வித்தைக்காரர்களோடு பெரும்பாலும் அலைந்தது இந்தக் கப்புச்சின் குரங்கு.

இரண்டு கண்டங்களில் மூன்று குரங்குகளைப் பார்த்த மனிதர்களுக்குத் தொப்பிதான் நினைவுக்கு வந்திருக்கிறது. தொப்பி போட்ட மனிதனைப் பார்த்து இந்தியனுக்குக் குரங்கு நினைவுக்கு வந்தது அதே கண்ணோட்டத்தின் மறுபக்கம். தென்னிந்தியக் குரங்குக்கு வெள்ளைக்காரன் தொப்பி வைத்தான். வெள்ளைக்காரன் கொண்டுவந்த தொப்பிக்கு நாம் குரங்கை வைத்தோம். கணக்கு நேராயிற்று என்றும் சொல்லலாம்.

கதை உலகிலும் இந்த இணை பழையது. குல்லா வியாபாரியும் குரங்குகளும் கதை தெரியாத தமிழ்க் குழந்தை இல்லை. தூங்கும் வியாபாரியின் மூட்டையைக் குரங்குகள் சூறையாடும் காட்சி 1562இல் புரூகலின் ஓவியத்தைக் கொண்டு அச்சான செதுக்கோவியத்திலும் இருக்கிறது. எஸ்ஃபிர் ஸ்லோபோட்கினா அதே கதையை 1940இல் அமெரிக்கக் குழந்தைகளுக்குப் படநூலாக்கினார். ஆனால் இந்தக் கதையிலிருந்து மங்கி கேப் வந்தது என்று முடிவுகட்டுவது அவசரம். கதையில் வரும் குல்லாய்கள் சாதாரணக் குல்லாய்கள். மனத்தில் குரங்கும் குல்லாயும் ஏற்கெனவே பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் புதுச்சொல் எளிதாக ஒட்டிக்கொண்டது என்ற அளவுக்கு மேல் கதையால் சாட்சி சொல்ல முடியாது.

பெயர் முதலில், கதை பிறகு என்பதற்கு மாகறலே உதாரணம். மாகறன் என்னும் அசுரன் வழிபட்டதால் ஊருக்கு இப்பெயர் என்கிறது தலபுராணம். கருவறையில் உள்ள சுயம்பு லிங்கம் உடும்பின் வால் வடிவில் இருப்பதாகவும், பொன் உடும்பைத் துரத்திவந்த சோழ மன்னன் புற்றுக்குள் அதைக் கண்டதாகவும் மற்றொரு கதை. ஊர்ப்பெயரின் ஒலியிலிருந்து அசுரனும், கல்லின் வடிவத்திலிருந்து உடும்பும் பிறந்திருக்கின்றன என்றே நான் கருதுகிறேன். சொல்லாய்வில் ஈடுபடுகிறவர்கள் கதையை மதிக்கலாம். சான்றாக எடுக்கக் கூடாது.

அண்டை மொழிகள் சொல்வது

இந்தச் சொல் இந்தியாவில் பிறந்தது என்பதற்கு அண்டை மொழிகள் சாட்சி. மராத்தியில் இதே குல்லாய்க்கு ‘மாகட் டோப்பி’. மாகட் என்றால் குரங்கு. இந்தியில் ‘பந்தர் டோப்பி’. வங்காளத்தில் ‘மாங்கி டுப்பி’, ‘ஹனுமான் டுப்பி’ இரண்டும் வழங்குகின்றன. கொல்கத்தாவில் வெப்பநிலை லேசாக இறங்கியதுமே வங்காளிகள் இதை எடுத்து மாட்டிக்கொள்வார்கள் என்பது நாடு முழுவதும் அறிந்த கேலி. அவர்களே அதிகம் ரசிப்பதும் அதைத்தான். வங்க மொழியில் ‘ஹனுமான்’ என்பது கடவுளை மட்டுமல்ல, கரிய முகத்தைச் சுற்றி வெளிறிய மயிர் கொண்ட நீள்வால் குரங்கையும் குறிக்கும். தமிழில் அதற்கு முசு என்று தனிப்பெயர். தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என்று பிரித்துப் பேசுகிறது. சங்கப் பாடல்களில் முசுவின் முகம் மை பூசியதுபோல் கரியது. கம்பளி வளையத்துக்குள் எட்டிப்பார்க்கும் முகத்துக்கு நாட்டுக்குரங்கைவிட முசுவே பொருத்தமான உவமை. வங்காளிகள் சரியான குரங்கைத் தேர்ந்திருக்கிறார்கள்.

இத்தனை மொழிகளில் ஒரே உவமை காணப்படும்போது, அது ஆங்கிலத்திலிருந்து எல்லாவற்றுக்கும் பரவியதா, ஓர் இந்திய மொழியிலிருந்து இந்தியரின் ஆங்கிலத்துக்கு ஏறியதா என்ற கேள்வி எழும். இரண்டாவதே ஏற்கத்தக்கது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டில் இக்குல்லாய்க்கு வேறு பெயர் நிலைத்திருக்கிறது. தவிர, ஆங்கிலேயர் இந்தியாவில் பேசிய சொற்களை யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியிட்ட ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியில் தொப்பிக்கும் தொப்பிவாலாவுக்கும் இடம் உண்டு. மங்கி கேப்புக்கு இல்லை. இந்தியில் காதை மூடும் குல்லாய்க்குக் ‘கன்டோப்’ என்றும் மராத்தியில் ‘கான்டோப்பி’ என்றும் பெயர் உண்டு. ‘இன்னதன் டோப்பி’ என்ற அந்த அச்சில் காதின் இடத்தில் குரங்கை உட்கார வைத்தால் வேலை முடிந்தது. பிறகு பள்ளிக்கூட ஆங்கிலம் அதை ‘மங்கி கேப்’ ஆக்கியது. உறுப்புகள் ஆங்கிலம், உருவாக்கம் இந்தியம்.

தமிழ் ஏன் குரங்கைச் சொல்லவில்லை

மராத்தியர் தயங்காமல் தம் மொழிக் குரங்கையே வைத்துக்கொண்டார்கள். தமிழில் ‘குரங்குக் குல்லாய்’ எழுத்தில் எப்போதாவது தென்படுகிறது, பேச்சில் இல்லை. மாகறல் டீக்கடையிலும் காஞ்சிபுரம் கடைத்தெருவிலும் ‘மங்கி குல்லா’ அல்லது ‘மங்கி கேப்’ மட்டுமே. குல்லாய் என்பது ‘குலாஹ்’ என்னும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது; தொப்பி வடக்கிலிருந்து. ஆக மங்கி குல்லாவில் ஓர் அசைகூடத் தமிழ் கிடையாது.

சொல் கிடைக்காமல் கடன் வாங்கியதாக இதை எண்ணக் கூடாது. குரங்கைக் கொண்டு தொகைச்சொல் அமைப்பதில் தமிழுக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழக்கம் உண்டு. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே பாலாற்றுப் பக்கம் உள்ள குரங்கணில்முட்டம், மாகறலைப் போலவே சம்பந்தர் பாடிய தலம். குரங்கும் அணிலும் முட்டமும், அதாவது காகமும், வழிபட்ட ஊர் என்று பொருள் சொல்வார்கள், உம்மைத்தொகை. காவிரிக்கரையில் குரங்காடுதுறை என்ற பெயரில் வடக்கிலும் தெற்கிலும் இரண்டு தலங்கள். குரக்குக்கா என்று இன்னொன்று. மெல்லெழுத்து வல்லெழுத்தாகிக் குரங்கு ‘குரக்கு’ என்று திரியும் பழைய புணர்ச்சி அதில் உறைந்திருக்கிறது. ஊருக்குப் பெயராகக் குரங்கை ஏற்ற மொழி தலைக்கு ஏற்க மறுத்தது ஏன்?

முகத்தாட்சண்யம் என்பதே என் விடை. ‘குரங்கு’ தமிழில் வசைச்சொல். சேட்டை செய்யும் பிள்ளையைச் செல்லமாகச் சொல்லலாம். பெரியவரைச் சொல்ல முடியாது. “அப்பாவுக்கு ஒரு குரங்குக் குல்லா எடுங்க” என்று கடையில் கேட்க எந்த மகளுக்கும் நா எழாது. ‘மங்கி’ என்றதும் குரங்கு கண்ணாடிக்குப் பின்னால் போய்விடுகிறது; எல்லோருக்கும் தெரிகிறது, யாரையும் தொடவில்லை. இறப்பு, நோய், உடலுறுப்பு ஆகியவற்றுக்கு ஆங்கிலச் சொல்லைத் திரையாகப் பிடிப்பதுபோல இங்கேயும் ஆங்கிலம் இடக்கரடக்கலாக வேலை செய்கிறது. டீக்கடைப் பையன் ‘மங்கி குல்லா’ என்றதால் நெசவாளர் நகைச்சுவையாகத் திருப்பிக் கேட்டார். ‘குரங்குக் குல்லா’ என்றிருந்தால் டீ கிளாஸ் பறந்திருக்கும்.

இரண்டாம் பாகம் ஏன் ‘கேப்’ என்பதிலிருந்து ‘குல்லா’ ஆனது என்பதற்கும் காரணம் உண்டு. தமிழில் ‘கேப்’ என்றால் முன்னால் விளிம்பு நீட்டிய கிரிக்கெட் தொப்பி என்ற எண்ணம் வலுத்துவிட்டது. தொப்பி என்பதிலோ அதிகாரத்தின் வாடை. ஐரோப்பியரைத் ‘தொப்பிக்காரர்’ என்றும் ஆங்கிலோ இந்தியரைச் ‘சட்டைக்காரர்’ என்றும் உடுப்பை வைத்து அழைத்த நாடு இது. மிருதுவாகத் தலையை ஒட்டிக் கிடப்பதற்குக் குல்லாய்தான் பொருத்தம். ‘குல்லா போடுவது’ என்றால் ஏமாற்றுவது என்றும் பொருள் உண்டு. அது இச்சொல்லைக் கொஞ்சமும் தொந்தரவு செய்யவில்லை.

துண்டிலிருந்து குல்லாய்க்கு

ஒரு பருவத்துக்கென்று ஓர் உடை, அந்தப் பருவத்தையோ பயனையோ சொல்லும் ஒரு கூட்டுப்பெயர் என்பது தமிழ் உடை மரபுக்குப் புதிது. நம் பழைய உடைப்பெயர்கள் செயலிலிருந்து வந்தவை. உடுப்பதால் உடை, போர்ப்பதால் போர்வை. தறியிலிருந்து அறுத்தெடுப்பதால் அறுவை, துணிப்பதால் துணி, துண்டிப்பதால் துண்டு. ஒரே துண்டு தோளில் கிடந்தால் அங்கவஸ்திரம், தலையில் சுற்றினால் முண்டாசு, காதை மூடிக் கட்டினால் உருமால். துணி மாறாது, கட்டு மாறும், பெயரும் மாறும்.

சங்க இலக்கியத்தின் மழையும் குளிரும் இதை உறுதிசெய்கின்றன. நெடுநல்வாடையில் கூதிர்க்காலத் தூறலைப் பொருட்படுத்தாமல் கள்ளுண்டு திரிகிறவர்கள், இரண்டு முனையும் தொங்கவிட்ட அறுவையோடு வருகிறார்கள். அது மழைக்கென்று தனியாகச் செய்த உடையல்ல. குறுந்தொகையில் முல்லைநில இடையர் கையில் மழைக்குப் பறி, அதாவது ஓலைப்பாய். குளிரில் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குப் பேகன் கொடுத்தது அவன் மேலிருந்த போர்வை. உடம்புக்கென்று தைத்த உடைக்கு ஒரு தொகைச்சொல் முல்லைப்பாட்டில் வருகிறது: மெய்ப்பை, மெய்க்குப் பை. அதை அணிந்து பாசறையில் நிற்பவர்கள் யவனர்கள். கார்காலத்தைப் பாடும் பாட்டில் தைத்த சட்டை அந்நியன் உடம்பில் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தெய்வங்களுக்கும் இதே முறை. கார்த்திகை மாதம் கைசிக ஏகாதசியன்று திருவரங்கத்தில் நம்பெருமாளுக்கு 365 வஸ்திரங்களும், ஸ்ரீவில்லிபுத்தூரில் 108 போர்வைகளும் சாத்துகிறார்கள். குளிர் கூடினால் போர்வையின் எண்ணிக்கை கூடும். புது உடுப்பு வராது. பட்டுக்குப் பருவம் உண்டு, ஆனால் அது வானிலைப் பருவமல்ல. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. தை பிறந்தால் புடவை போகும். மாகறல் பகுதித் தறிக்காரருக்கு மழை என்றால் தெருவில் பாவு நீட்ட முடியாத நாள், தறிக்குழியில் ஈரம் ஊறும் நாள்.

பிறகு மங்கி குல்லா ஏன் இங்கே நிலைத்தது? காஞ்சிபுரம் பக்கம் மார்கழியின் குறைந்த வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கிரிமியாவின் குளிருக்கு அது கோடைக்காலம். தமிழர் பயப்படுவது குளிருக்கல்ல, பனிக்கு. முன்பனி, பின்பனி என்று ஆண்டில் நான்கு மாதங்களுக்கு அதன் பெயரையே வைத்திருக்கிறோம். தலையில் பனி இறங்கும், காதில் காற்று புகும், சளி கட்டும் என்பது பாட்டி வைத்தியத்தின் முதல் பாடம். துண்டைக் காதில் கட்டினால் சைக்கிளில் போகும்போது அவிழும், குல்லாய் அவிழாது. லூதியானாவில் இயந்திரத்தில் பின்னி, திபெத்திய வியாபாரிகளும் நடைபாதைக் கடைக்காரர்களும் ஐப்பசி பிறந்ததும் கொண்டுவந்து குவிக்கும் இந்தச் சரக்கு, காவல்காரர், பால்காரர், பஸ் ஓட்டுநர், கைக்குழந்தை, பஜனைக்குப் போகும் பெரியவர் ஆகியோரின் துண்டை இடம்பெயர்த்துவிட்டது. பட்டு நெய்கிறவரின் தலையில் அக்ரிலிக் இருப்பதில் அவருக்கு முரண் எதுவும் தெரியவில்லை. “பட்டு காதுல நிக்காதுங்க, வழுக்கும்” என்றார்.

அகராதி தொகுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘மங்கி குல்லா’வைச் சேர்க்கும்போது மூலம் ஆங்கிலம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட வேண்டாம். முதற்பாகம் இந்திய ஆங்கிலம், இரண்டாம் பாகம் பாரசீகம், தொகை உவமைத்தொகை, வழக்கு பேச்சு, பருவம் முன்பனி என்று பதிவு செய்யுங்கள். குரங்கு குல்லாயில் இல்லை, போட்டவரிலும் இல்லை. பார்ப்பவர் கண்ணில் இருக்கிறது என்ற குறிப்புக்கும் ஒரு வரி ஒதுக்கலாம். அந்த நெசவாளரின் கேள்விக்கு அதுதான் விடை.